சரிபார்த்துப் பகிரப்பட்டது

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி என்ற பெண்மணி வந்தார். நாங்கள் எல்லோரும் பல மாதங்களாக ஓர் ஆராய்ச்சிக்குள் இருந்துவந்ததாகவும், அது இப்போது முடிந்துவிட்டதால் உண்மையைச் சொல்ல வந்திருப்பதாகவும் சொன்னார். எங்களுக்கு நடத்தப்பட்ட மாடித்தோட்ட வகுப்புகள் மாடித்தோட்டத்துக்காக நடத்தப்பட்டவை அல்லவாம். நாங்கள் ஒப்பீட்டுக் குழு. அதாவது, வேறொரு இடத்தில் சிலருக்கு மருந்து கொடுக்கும்போது மாவு மாத்திரை கொடுக்கப்பட்டவர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. கத்தரிச்செடி வளர்ப்பில் எங்கள் தெரு காட்டிய முன்னேற்றம் யாருடைய கணக்கிலும் இல்லை என்பது ஒருபுறம். மருந்து வாங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற ஆவல் மறுபுறம். கேட்டேன். கோகிலவாணி முதலில் சொல்லவில்லை. பிறகு சொன்னார். அதன்பின் ஷாகுலிடமும் கேட்டேன். அவர் யார் என்பது வரும்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘சிட்லபாக்கம் ஏரியின் மேல் மாலை வெயில் மெல்லச் சரிந்துகொண்டிருந்த—’

விட்டுவிட்டேன். அன்று ஏரியை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வரைவு: ‘பொய் தோன்றிய காலம்தொட்டே மனிதகுலம் அதை ஒழிக்கும் வழியையும்—’

இது கட்டுரை. பள்ளி ஆண்டுமலருக்குக் கொடுக்கலாம்.

மூன்றாவதுதான் நின்றது: கோகிலவாணிக்கு அந்தப் போன் வந்தபோது அவர் நாவலூர் அலுவலகத்தில், தான் வடிவமைத்த பயிற்சி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்துக்கு என்ன நிறம் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

3

ஆய்வைப் பற்றி அவசியமானதை மட்டும் சொல்கிறேன். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவும். யாரோ ஒரு வழிப்போக்கர் அடிபடுவார். இந்த மாதிரி தீங்கான நம்பிக்கைகளையும் அவற்றால் வரும் தீங்கான செயல்களையும் ஒரு சின்னப் பயிற்சியால் குறைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. சிட்லபாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அந்தப் பயிற்சி. எங்களுக்குக் கத்தரிச்செடி.

பயிற்சி எளிமையானது. எந்தச் செய்தி வந்தாலும் உடனே அனுப்பாதே. மூன்று கேள்வி கேள். யார் சொன்னது? கண்ணால் பார்த்தவர் உண்டா? இன்னொருவரும் அதையே சொல்கிறாரா? மூன்றுக்கும் விடை கிடைத்தால் மட்டும் பகிர். கோகிலவாணியே போய் வகுப்பெடுத்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் தேவானந்தம், பொதுத்துறை வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், முதல் வரிசையில் உட்கார்ந்து மிக ஒழுங்காகக் கற்றார். வகுப்பு முடிவில் வைத்த தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினார்.

பயிற்சியால் பலன் உண்டா என்று அளக்க வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். அதை வேறொரு பெயரில் செய்தார்கள்: ‘அக்கம்பக்க நலன் கணக்கெடுப்பு’. பயிற்சி கொடுத்தவர்களே அளக்கவும் வருகிறார்கள் என்று தெரிந்தால் மக்கள் நல்ல பிள்ளைகளாகப் பதில் சொல்வார்கள் அல்லவா? அதனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லச் சொல்லி ஆய்வு விதி இருந்தது. வகுப்பில் ஒருவர் கேட்கவும் செய்தார். தொடர்பில்லை என்று கோகிலவாணி சிரித்துக்கொண்டே சொன்னார்.*

* ஆய்வுகளில் யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் அறக்குழு இதற்கு அனுமதி தந்திருந்தது. பொய்யை ஒழிப்பதற்காகச் சொல்லப்படும் பொய்க்குத் தனியாக ஒரு பெயர் இருக்கிறதாம். கோகிலவாணி சொன்னார், எனக்கு மறந்துவிட்டது.

4

கணக்கெடுக்கப் போனவர் ஷாகுல். பழைய பெருங்களத்தூர்க்காரர், முப்பதைத் தாண்டியவர், மனைவி ஜெய்னப், பள்ளிக்குப் போகும் ஒரு மகள். முதல் சுற்றில் சிட்லபாக்கம் போன ஆள் வேலையை விட்டுவிட்டதால் இரண்டாம் சுற்றுக்கு இவரை அனுப்பினார்கள். எங்கள் தெருவுக்கும் அந்த வாரம் அவர்தான் வந்தார். யார், எந்த ஊர் என்று நாங்கள் கேட்கவில்லை. செடியில் இலை ஏன் சுருள்கிறது என்று கேட்டோம். தெரியாது என்றார். தெரியாவிட்டாலும் வந்து பாருங்கள் என்று மாடிக்கு அழைத்துப் போனோம். இது எங்கள் பண்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்குச் செடிக் கவலை.

(முதலில் எழுதும்போது தேவானந்தத்துக்கு ‘அவர்’ என்றும் ஷாகுலுக்கு ‘அவன்’ என்றும் என் கை தானாகவே எழுதிக்கொண்டு போயிருந்தது. நாலு பக்கம் கழித்துத்தான் கவனித்தேன். திருத்திவிட்டேன். எங்காவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்கவும்.)

சிட்லபாக்கத்தில் ஷாகுல் மூன்று நான்கு வீடுகளை முடித்துவிட்டு வினிதாவின் வீட்டு மணியை அடித்தார். வினிதா அந்தக் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவந்தவர். இரண்டு பிள்ளைகள். ஷாகுல் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார். வீட்டில் எத்தனை பிள்ளைகள்? என்ன வயது? எந்தப் பள்ளி? எத்தனை மணிக்குத் திரும்புவார்கள்? அந்த நேரத்தில் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருப்பார்களா?

இந்தக் கேள்விகளை எழுதியது கோகிலவாணி. பிள்ளை பிடிக்கிறவர் பற்றிய பயம் எந்த மாதிரி வீடுகளில் அதிகம் என்று கண்டுபிடிக்க இவை தேவை. நாவலூரில் ஏசி அறையில் படிக்கும்போது மிகச் சாதாரணமான கேள்விகள். ஒரு தாய் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும்போது அவை எப்படி ஒலிக்கும் என்று அறக்குழு யோசிக்கவில்லை, கோகிலவாணி யோசிக்கவில்லை, முதல் முறை எழுதும்போது நானும் யோசிக்கவில்லை.

வினிதா நான்கு கேள்விக்குப் பதில் சொன்னார். ஐந்தாவதில் கதவைச் சாத்தினார். சன்னல் வழியாக ஒரு படம் எடுத்து, பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டு ஒருவர் வந்திருக்கிறார் என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

5

இங்கே நீங்கள் எதிர்பார்ப்பது ஒரு கும்பல். அப்படித்தான் நானும் எழுதத் தொடங்கினேன்: ‘நொடியில் தீப்போலப் பரவியது அந்த—’ இல்லை. அப்படி நடக்கவில்லை. நடந்தது இதைவிட ஒழுங்கானது.

தேவானந்தம் உடனே குழுவில் எழுதினார்: யாரும் இதை வெளியே அனுப்ப வேண்டாம். முதலில் சரிபார்ப்போம்.

அவர் மூன்று கேள்விகளையும் கேட்டார். யார் சொன்னது? வினிதா, மூன்றாம் மாடி, பெயரும் வீட்டு எண்ணும் தெரியும். கண்ணால் பார்த்தவர் உண்டா? படமே இருக்கிறது. இன்னொருவரும் அதையே சொல்கிறாரா? வீடு வீடாகப் போன் போட்டார். ஆமாம், எங்கள் வீட்டுக்கும் வந்தார், பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்டார் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். சற்று முன் அதே ஆளுக்கு மோர் கொடுத்த வீட்டுக்காரரும், இப்போது யோசித்தால் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது என்றார்.

அதோடும் தேவானந்தம் நிற்கவில்லை. ஷாகுல் வீடுகளில் சொல்லியிருந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தேடினார். ஆய்வு முடியும்வரை அதன் பெயரை வெளியிடுவதில்லை என்பது விதி, ஆகவே அப்படி ஒரு கணக்கெடுப்பே அங்கே இல்லை. அலுவலகத் தொலைபேசிக்கு அடித்துப் பார்த்தார். மதிய உணவு நேரம், யாரும் எடுக்கவில்லை.

பிறகுதான் பகிர்ந்தார். படத்துக்கு மேலே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு சொல்லும் சேர்த்தார். வெறும் வதந்தியாக இருந்திருந்தால் பாதிப் பேர் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். சரிபார்க்கப்பட்டது என்பதால் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று அது நம்பிக்கையோடு போயிற்று.

(இந்த இடத்தில் ‘உண்மையில் தீங்கான நம்பிக்கை, பயிற்சியின் மேல் கோகிலவாணிக்கு இருந்த நம்பிக்கைதான்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். எழுதும்போதே கைதட்டல் கேட்டது. அதனால் எடுத்தேன்.)

ஷாகுல் கீழே இறங்கி வந்தபோது வாசலில் ஐந்தாறு பேர் நின்றார்கள். பெயர் கேட்டார்கள். சொன்னார். ஒரு சின்ன மௌனம் விழுந்தது என்று ஷாகுல் என்னிடம் சொன்னார். ஆய்வின் எந்தக் கேள்வியிலும் அந்த மௌனத்துக்கு இடமில்லை. அவர் அடையாள அட்டையைக் காட்டினார், இது யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றார்கள். போய்விடலாம் என்று வெளிக்கதவை நோக்கி நடந்தார். சக்கரம் வைத்த இரும்புக் கதவு. யாரோ தள்ளினார்கள். அவருடைய வலது கை நடுவில் இருந்தது.

6

கோகிலவாணி போன் வந்ததும் ஸ்கூட்டரை எடுத்தார். பேசியது ஷாகுல். இரண்டே வாக்கியம் பேசினார், பிறகு போனை யாரோ வாங்கிக்கொண்டார்கள். மேடவாக்கம் வழியாக வரும்போது ஒவ்வொரு சிக்னலிலும் அவருக்குத் தோன்றியதெல்லாம், நல்லவேளை இது பயிற்சி கொடுத்த இடம், அங்கே நிதானமாக இருப்பார்கள் என்பதுதான்.

அவர் வந்து சேரும்போது கதவுக்கு வெளியே அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் சேர்ந்துவிட்டிருந்தார்கள். பயிற்சி பெறாதவர்கள். ஒருவர் கையில் ஹெல்மெட்டைப் பட்டையைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தார். உள்ளே, காவலாளி அறையில், ஷாகுல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. அறை வெளியே தாழிடப்பட்டிருந்தது. தப்பாமல் இருக்கத் தாழிட்டார்களா, வெளியே இருப்பவர்கள் அடிக்காமல் இருக்கத் தாழிட்டார்களா என்று நான் தேவானந்தத்தைக் கேட்டிருந்தால் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

கோகிலவாணியைப் பார்த்ததும் தேவானந்தத்தின் முகம் மலர்ந்தது.

“வாங்க மேடம். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே பண்ணோம். யாரும் அவசரப்படல. மூணு கேள்வியும் கேட்டுட்டுத்தான் குரூப்ல போட்டோம்.”

கோகிலவாணி காவலாளி அறையைக் கைகாட்டினார். அவர் எங்கள் ஆள் என்றார்.

“எந்த எங்க ஆள்? நீங்க விழிப்புணர்வு வகுப்பு. அவர் ஏதோ அக்கம்பக்க நலன்கிறாரு. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ரெண்டும் ஒண்ணுதான் சார். சொல்லக்கூடாதுன்னு இருந்தது.”

“அப்ப எங்ககிட்ட பொய் சொன்னீங்க.”

“ஆமா சார்.”

தேவானந்தத்தின் முகத்திலிருந்த மலர்ச்சி போயிற்று. கோபமில்லை. நல்ல மாணவனின் ஏமாற்றம். பிறகு, தான் படித்த பாடத்தை விடாமல், இப்போது நீங்கள் சொல்வதையும் சரிபார்க்க வேண்டுமே என்றார். நீங்கள் ஒருவர் சொல்கிறீர்கள், இரண்டாவது ஆள் யார்?

கோகிலவாணி தன் மேலதிகாரி ரோஹிணியின் எண்ணைச் சொன்னார். தன் போனிலிருந்து அடிக்க முனைந்தபோது தேவானந்தம் தடுத்து, தன்னுடைய போனிலிருந்தே அடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, உங்கள் கணக்கெடுப்புக்கும் இங்கே நடந்த வகுப்புக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டார். தெரியாத எண். சிட்லபாக்கத்துக் குடியிருப்பாளர். ஆய்வின் ரகசியம் உடைந்துவிடக்கூடாது. ரோஹிணி இந்தக் கேள்விக்கென்று விதியில் எழுதியிருந்த பதிலை ஒரு சொல் பிசகாமல், இனிமையாகச் சொன்னார்.

“இல்லைங்க சார். அந்த மாதிரி எந்த வகுப்புக்கும் எங்களுக்கும் சம்பந்தமே கிடையாது.”

வெளியே நின்ற கூட்டம் கதவை ஒருமுறை ஆட்டியது.

கோகிலவாணி போனைப் பிடுங்கினார். அதுவரை குரலை உயர்த்தியே அறியாதவர், அன்றும் உயர்த்தவில்லை. உடைந்துதான் போயிருந்தது.

“ரோஹிணி, நான் கோகிலா. ஷாகுல் கை ஒடிஞ்சிருக்கு. வெளிய அம்பது பேர் நிக்கிறாங்க. அவர் நம்ம ஆளுன்னு சொல்லு.”

பிறகு ரோஹிணி சொன்னார். ஷாகுலின் முழுப்பெயர், எத்தனை வருடமாக வேலை பார்க்கிறார், எல்லாம். அழுதுகொண்டே சொன்னார்.

தேவானந்தம் தாழ்ப்பாளை எடுத்தார். உள்ளே நுழைந்த கோகிலவாணி மன்னித்துவிடுங்கள் என்று தொடங்கினார்.

“தண்ணி குடுங்க மேடம் மொதல்ல,” என்றார் ஷாகுல். “நீங்க எழுதிக் குடுத்ததத்தான் கேட்டுகினு இருந்தேன். வேற இன்னா பண்ணேன்?”

7

தேவானந்தம் இந்தக் கதையில் எனக்குக் கொடுத்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. முதலில் அவரை வில்லனாக எழுதினேன். ஒரு மீசைகூட வைத்தேன். ஆனால் வெளியே நின்ற கூட்டத்துக்கு முன்னால் போய், தவறு எங்களுடையது, இவர் கணக்கெடுக்க வந்தவர், கலைந்து போங்கள் என்று கைகூப்பிச் சொன்னவரும் அவர்தான். தன் காரில் ஷாகுலைக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். எக்ஸ்ரேக்குக் காத்திருந்த நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கே அவர் பேசியது முழுக்கப் பல்லாவரம் மேம்பாலத்தைப் பற்றி என்று ஷாகுல் சொன்னார். மன்னிப்புக் கேட்டாரா என்றேன். அதைத்தான் அவர் மேம்பாலமாகப் பேசினார் என்று கோகிலவாணி நினைக்கிறார். ஷாகுல் அப்படி நினைக்கவில்லை.

கதவைத் தள்ளியது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதை மட்டும் யாரும் சரிபார்க்கவில்லை.

அன்று மாலையே தேவானந்தம் மறுப்புச் செய்தி போட்டார். பழைய செய்தி தவறு, படத்தில் இருப்பவர் ஆய்வு ஊழியர், தயவுசெய்து அழித்துவிடுங்கள். அது குழுவைத் தாண்டிப் போகவில்லை. பயிற்சி பெற்றவர்கள் அதையும் சரிபார்க்க நினைத்தார்களாம். ஆனால் யாரை நேரில் கேட்பது என்று தெரியவில்லையாம். பழைய படம் ஒரு வாரத்தில் பெருங்களத்தூர் வந்து சேர்ந்தது. மகளின் பள்ளிப் பெற்றோர் குழுவில் ஜெய்னப் அதைப் பார்த்தார். கீழே ஒருவர், நம் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார். மறுநாளிலிருந்து மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடும் வேலையை ஜெய்னப் எடுத்துக்கொண்டார். ஷாகுல் வாசல்வரை வருவது நின்றது.

இந்தப் பத்திக்கு ஓர் இடக்கான முடிவு வைத்திருந்தேன். இப்போது வேண்டாமென்று தோன்றுகிறது.

8

இனி முடிவு.

முடிவு அ: கோகிலவாணி வேலையை உதறிவிட்டு வெளியேறுகிறார். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவர் வெளியேறவில்லை. அறிக்கையில் இந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு தனி அத்தியாயம் வேண்டுமென்று ரோஹிணியோடு சண்டை போட்டார். அத்தியாயம் ஒரு பத்தியாகி, பத்தி ஓர் அடிக்குறிப்பாயிற்று.*

* ‘கள ஊழியர் ஒருவருக்கு வாயிற்கதவினால் காயம்.’

முடிவு ஆ: ஷாகுல் போலீசில் புகார் கொடுக்கிறார். கொடுக்கவில்லை. யார் பெயரைப் போடுவது என்று என்னைக் கேட்டார். கதவின் பெயரையா?

முடிவு இ: ஆய்வு தோல்வி. அதுவும் இல்லை. எண்களின்படி ஆய்வு வெற்றி. ஒரு செய்தியைச் சரிபார்க்காமல் பகிரும் போக்கு சிட்லபாக்கத்தில் கணிசமாகக் குறைந்திருந்தது. எங்கள் தெருவில் அப்படியே இருந்தது. எங்களுக்கு இந்த மாதிரி பயிற்சி அவசரமாகத் தேவை என்று அறிக்கை பரிந்துரைக்கிறது.

மூன்றும் இல்லையென்றால் பாக்கியிருப்பது நடந்தது மட்டும்தான்.

9

கடைசிச் சுற்றுக் கணக்கெடுப்பு வந்தது. கோகிலவாணி சிட்லபாக்கத்துக்கு வேறு ஆளை அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். ஷாகுல் மாவுக்கட்டோடு அலுவலகம் வந்து, தானே போகிறேன் என்றார். வேண்டாம், உங்களுக்கு ஏன் இந்தத் தலையெழுத்து என்று கோகிலவாணி சொல்லிப் பார்த்தார்.

“போகாம வுட்டா, அந்த போட்டோல இருக்கறவன் நான்தான்னு ஆயிடும் மேடம்,” என்றார் ஷாகுல்.

சரி, நானும் கூட வருகிறேன் என்றார் கோகிலவாணி. விதிப்படி அது கூடாது. விதியைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வினிதா வீட்டில் கதவு திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சி ஓடும் சத்தம் மட்டும் நின்றது. மற்ற வீடுகளில் எல்லோரும் தேவைக்கு மேல் அன்பாக இருந்தார்கள், உட்காரச் சொன்னார்கள், கையைப் பற்றி விசாரித்தார்கள், பிள்ளைகளைப் பற்றிய கேள்வி வந்தபோது மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாகத் தேவானந்தத்தின் வீடு.

அவர் வீட்டுக் கதவுக்கு முன்னால் புதிதாக ஓர் இரும்புக் கிரில் போட்டிருந்தார்கள். பூட்டியிருந்தது. தேவானந்தம் உள்ளேயிருந்து வந்து இருவரையும் பார்த்து, நிஜமாகவே மகிழ்ந்து, வாங்க வாங்க என்றார். சாவியைத் தேடினார். ஆணியில் இல்லை. மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் சமையலறையில் தேடப் போனார். காத்திருக்கும் நேரத்தில் ஆரம்பித்துவிடுங்களேன், உங்களுக்கு நேரமாகும் என்று தேவானந்தம் கம்பிகளைப் பிடித்தபடி நின்றார். ஷாகுல் டேப்லெட்டை மாவுக்கட்டின் மேல் வைத்துக்கொண்டு இடக்கை விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

கடைசிக் கேள்விக்கு வந்தார்கள். உங்கள் இடத்துக்கு வரும் முன்பின் தெரியாத ஒருவரை எந்த அளவுக்கு நம்புவீர்கள்? கொஞ்சமும் நம்பமாட்டேன் என்றால் ஒன்று. முழுமையாக நம்புவேன் என்றால் ஐந்து.

“அஞ்சு போடுங்க,” என்றார் தேவானந்தம். ஷாகுல் நிமிர்ந்து பார்த்ததும், “அஞ்சேதான்,” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அந்த நிமிடம் அவர் மனதில் ஐந்துதான் இருந்தது. ஷாகுல் கோகிலவாணியின் பக்கம் திரும்பினார். என்ன போடுவது என்று வாய்விட்டுக் கேட்டாராம். பதில் சொல்பவர் சொன்னதைப் போடுங்கள், அதுதான் முறை என்று தான் சொன்னதாகக் கோகிலவாணி என்னிடம் சொன்னார். மேடம் எதுவுமே சொல்லவில்லை, செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று ஷாகுல் சொன்னார். பிறகு நீங்கள் எதைப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“நீங்களா இருந்தா இன்னா போடுவீங்க சார்?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஐந்தைத் தொட்டால் தேவானந்தம் சொன்னது பதிவாகும். ஒன்றைத் தொட்டால் அந்தக் குடியிருப்பில் நடந்தது பதிவாகும். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் நேர்மையாகவே இருந்தன. அறிக்கையில் தேடலாமென்றால் அங்கே குடியிருப்பு முழுவதற்கும் சேர்த்துச் சராசரி மட்டும் அச்சாகியிருக்கிறது. அதைப் பிரித்துத் தேவானந்தத்தை மட்டும் வெளியே எடுக்க முடியாது.

ஆகவே இதை உங்களிடம் விடுகிறேன். ஷாகுலின் விரல் திரைக்கு மேலே நிற்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் தேவானந்தம் சிரித்த முகத்தோடு காத்திருக்கிறார். உள்ளே அந்த அம்மாள் ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து சாவி தேடும் சத்தம் கேட்கிறது. போடுங்கள்.